ஏழாவது மூட்டை

"ஐயோ... என் தம்பி எங்கவே?"

மிளகாய் வத்தல் குடோனே அதிர அலறினாள் கனகலட்சுமி.

எதிரே நின்ற வீரபாண்டி தொப்பியைக் கழற்றினான். முன்னாள் கடற்படைக்காரனாம். அவளுடைய சங்கரன்கோவில் வத்தலைத் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு ஏற்றிப்போகும் சரக்குத் தோணிக்கு, அவனுடைய குட்டிப் படகுதான் வாடகைக் காவல். துப்பாக்கி இரண்டு, மீசை ஒன்று!

"கொள்ளைக்காரனுவ நாலு படகுல வந்து தம்பியத் தோணியோட பிடிச்சிட்டுப் போயிட்டானுவ அக்கா. நான் விட்டேனா? சுட்டேன்லா!"

"எங்க பட்டுச்சு?"

"கடல்ல..."

சரக்கு போனால் போகட்டும். தோணியில் போன முத்துமணி, அம்மா செத்த நாளிலிருந்து அவள் தூக்கி வளர்த்த பிள்ளை!

"ஒரு படகு பத்தாதுக்கா. இன்னும் ரெண்டு படகு வாடகைக்கு எடுக்கேன்னு இந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே தம்பி வந்துருவான்."

"கொள்ளைக்காரன் உம்மகிட்ட சொல்லி விட்டானாக்கும்?"

வீரபாண்டி வயிற்றைத் தடவினான். சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்தான். ஒரு சிட்டிகை மண்ணைப் பயபக்தியோடு வாயில் போட்டான்.

"வயித்துவலி... கோமதி அம்மன் புத்துமண்ணு. இப்பதான் கோயில்ல வாங்குனேன்."

மஞ்சள் துணி... பச்சை நூல்!

அவள் கைத்தையல். ஒவ்வொரு லோடிலும் சரக்குக்குக் காவலாக ஏழாவது மூட்டைக்குள் அவள் வைத்தனுப்பும் பொட்டலம்! தோணியையே கொள்ளையடித்த பயலுக்கு, சாமி மண்ணைத் தூக்கியெறிய மட்டும் பயம்.

கையெழுத்துக்காக எடுத்த பேனாவைக் கனகலட்சுமி மூடினாள்.

"ஐயையோ! அதையா தின்னீரு? சாக்க எலி கடிக்குன்னு மூட்டைக்குள்ள நான் தச்சு வச்ச எலிமருந்துவே அது!"

வீரபாண்டிக்கு முகம் வெளுத்தது.

"அக்கா... நேத்துலேர்ந்து மூணு தடவ தின்னுட்டேன்!"

"அப்ப முடிஞ்சுது."

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!"

"கூப்பிடுதேன். முத்துமணி எங்க?"

"மணப்பாட்டுக்குத் தெக்க... மூடிக்கெடக்கிற ஐஸ் பிளாண்ட்ல... எல்லாரும் உசுரோட இருக்காங்க! சீக்கிரம்க்கா!"

போன் போட்டாள். ஆம்புலன்ஸுக்கு அல்ல... போலீஸுக்கு!

ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் மணப்பாட்டு போலீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, வீரபாண்டிக்கு விலங்கை மாட்டினார். கனகலட்சுமி அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துவிட்டு நிதானமாக டீ குடித்தார்.

முக்கால் மணி நேரத்தில் அவளது செல்போன் அலறியது.

"அக்கா... நான்தான். பசிக்குக்கா..."

முத்துமணி! கனகலட்சுமி வத்தல் மூட்டை மேல் சாய்ந்து கதறி அழுதாள்.

மூலையில் வீரபாண்டியும் அழுதுகொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரி... நான் சாகப் போறேன்..."

கனகலட்சுமி கண்ணைத் துடைத்தாள்.

"அழுகைய நிறுத்தும்வே. அது அம்மன் மண்ணுதான். வயித்துவலி போயிருக்குமே... ஜெயில் களி நல்லா இறங்கும்!"