மூன்று தடவை தட்டினால்

தேரை மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தப் படத்தில் அவன் எங்குமே முதுகைக் காட்ட மாட்டான். முதுகில் ஜிப் இருந்தது. அதைத் தைத்தவளே அவள்தான். சைக்கிள் டியூபும் பழைய மெத்தைப் பஞ்சும் சேர்த்துச் செய்த உடுப்பு, கண்களுக்கு இரண்டு மேசைப்பந்து, உள்ளே அவள் கணவர்.

"ஜிப் தெரிஞ்சாத்தான் என்னங்க? எப்படியும் சிரிக்கத்தான் போறாங்க" என்று ஒருநாள் கேட்டாள்.

"எனக்கும் அதான் ஆசை. டைரக்டர் தம்பி விட மாட்டேங்கிறான். பெரிய படத்துப் பேயைப் பார்த்தா பயம்தான் வரும். நம்ம படத்துல, உள்ள ஒருத்தன் வேர்த்து வழிஞ்சுகிட்டு நிக்கிறான்னு தெரியும். சிரிச்சுகிட்டே பாசம் வச்சிடுவாங்க."

உள்ளே இருப்பவருக்கு அந்த ஜிப் எட்டாது. ரப்பர் தலைக்குள்ளிருந்து குரலும் வெளியே வராது. அதனால் இருவரும் வீட்டிலேயே பேசி வைத்திருந்தார்கள்: அவர் தன் தலையில் மூன்று தடவை தட்டினால் அவள் திறக்க வேண்டும். "நீ திறக்கலைன்னா நான் காலம்பூரா தேரைதான்" என்பார். வேறு யாரிடமும் அதைச் சொல்லி வைக்கத் தோன்றவில்லை. அவள்தானே எப்போதும் பக்கத்தில் இருப்பாள்?

கடைசி நாள் படப்பிடிப்பில் உடுப்பின் இடதுகை விரல் ஒன்று கிழிந்தது. பசை வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனாள். திரும்பியபோது கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தேரை மனிதன் மண்டியிட்டு அசையாமல் இருந்தான். எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போடாதீங்க அண்ணி" என்று கிசுகிசுத்தான் டைரக்டர். "அண்ணன் பின்னிட்டாரு." காட்சி முடிந்து அவள் ஜிப்பைத் திறந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

அவர் தட்டியது அவளுக்குத் தெரிந்தது படம் வந்த பிறகுதான். அரங்கங்களில் அந்தக் காட்சி வந்ததும் கூட்டம் முழுதும் தன் தலையில் மூன்று தடவை தட்டிக்கொண்டு சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல. அவர் சொன்ன அதே பாசம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்று காலை டைரக்டர் போன் செய்திருந்தான். "வருஷ நினைவுக்குப் படம் போடறோம் அண்ணி. அந்த உடுப்பை மேடையில நிறுத்தலாம்னு இருக்கேன். அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கட்டுமா?"

சரி என்றுவிட்டாள். கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாமென்று மதியமே படத்தைப் போட்டாள்.

குளக்கரைக் காட்சியில் முதுகு. பாலத்துக் காட்சியிலும் முதுகு. கதாநாயகியைத் துரத்தும்போதும் அவன் பின்பக்கமாகவே ஓடிவந்தான். அந்த நடிகையோ அங்கே ஒரு முகம் இருப்பதைப்போலப் பார்த்து அலறினாள். வெயிலில் ஜிப் மின்னியது. வெந்த ரப்பர் வாடையும் பசை வாடையும், ஒரு வருடமாக அந்த வீட்டில் இல்லாத வியர்வை வாடையும் மெல்ல வந்து அவள் மூக்கில் ஏறின. கடைசிக் காட்சி தொடங்கியது. அவன் கை தலைக்கு உயர்ந்தது.

அணைத்துவிட்டாள்.

மின்விசிறி ஓடும் சத்தம். வெளியே ஏதோ வண்டி. பிறகு உள்ளறையிலிருந்து, பஞ்சு மேல் உள்ளங்கை விழுவதுபோல ஒரு மந்தமான ஒலி.

தட்.

தட்.

தட்.

 எழுந்து போனாள். இந்த முறை போகாமல் இருக்க முடியாது.

அலமாரி திறந்திருந்தது. மடித்து வைத்த உடுப்பு எழுந்து நின்றிருந்தது. முதுகு அவள் பக்கம்.

"வந்துட்டேங்க. இதோ வந்துட்டேன்."

ஜிப் வழக்கம்போலத் தோளருகே சிக்கியது. வழக்கம்போலச் சற்று மேலே தூக்கி இழுத்தாள். கழுத்து. முதுகு. இடுப்பு. சூடான மூச்சு முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் விரித்தாள்.

யாரும் இல்லை.

பஞ்சு மட்டும். நனைந்த பஞ்சு.

"திறந்துட்டேங்க" என்றாள். "வெளிய வாங்க."

ஒட்டாமலே போன விரல் தொங்க, இடதுகை மெல்ல உயர்ந்தது. தலையில் தட்டியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நின்றது. மறுபடியும் உயர்ந்தது.