நாலாவது அடைபட்ட பின்

நாலாவது புரொசெசரை நிறுத்திய பிறகும் அதில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது.

சனூஸா கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தாள். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுகள் ஓட்டும் சின்னக் கம்பனியின் சேர்வர் அது. நான்கு புரொசெசர்களில் நாலாவது பிழைவிட்டதால் மத்தியானம் அதை அடைத்திருந்தாள். ஒன்றை அடைத்தால் அதிலிருந்த வேலைகளை இயங்குதளமே எடுத்து, சும்மா இருக்கிற இன்னொன்றிடம் கொடுத்துவிடும். மனிதர்களிடமும் அதே கதைதான். இதே அறையில் கூட வேலைபார்த்த பக்கீர் காக்கா மௌத்தாகி மண்ணுக்குள் போனதும் அவருடைய வேலை முழுக்க இவள் தலையில் விழுந்தது. முப்பத்தொரு நாளாக ஒழுங்கான நித்திரையில்லை. அலுத்துப்போயிருந்தாள்.

திரையில், ஓடும் வேலைகளின் பட்டியலில் நின்றது காக்காவின் வேலை. படகுகள் கரைக்குத் திரும்பிவிட்டனவா என்று பார்க்க, இருமி இருமி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவர் எழுதியது, நாலாவதோடு கட்டிவைத்தது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியுமட்டும் அவர் பெயரிலிருந்த எதையும் அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. இடத்தை அடைத்தால் அந்தக் கட்டு அறுந்து, வேலை வேறிடம் போயாக வேண்டும். ஆனால் மற்ற மூன்றும் நிரம்பிக் கிடந்தன.

கிண்ணியாவிலிருந்து மகள் அம்ரா ஃபோனில் கூப்பிட்டாள். ஆறு வயது, இரண்டு நாளாகக் காய்ச்சல், பக்கத்து வீட்டில் படுத்திருக்கிறாள்.

"உம்மா, எப்ப வாறீங்க?"

"அஞ்சு மணி பஸ்ஸில வாறன் மகள்."

நாலு மணி. யன்னலால் டீசலும் பாசியும் கலந்த காற்று வந்தது, மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது, சேர்வரின் இரைச்சல் இமைகளை மெதுவாகக் கீழே இழுத்தது. ஒரு நிமிடம் மட்டும் என்று கதிரையில் சாய்ந்தாள்.

கண்ணைத் திறந்தபோது நாலு நாற்பது. படகுகளின் அறிக்கை முழுதாக எழுதப்பட்டிருந்தது. வாயில் இஞ்சிப் பிளேன்டீயின் காரம். அவள் இஞ்சி குடிப்பதில்லை. காக்காதான் குடிப்பார்.

வலது சுட்டுவிரல் மட்டும் வலித்தது.

பயம் அப்போதுதான் வந்தது. நாலாவதைத் திரும்பத் திறந்துவிட்டால் போதும், அந்த வேலை தன் இடத்துக்குப் போய்விடும். கட்டளையைப் பாதி அடித்தாள். இமை விழுந்தது.

ஐந்து இருபது. பஸ் போய்விட்டது. கட்டளை அழிந்திருந்தது.

மூன்றும் நிரம்பியிருந்தன. இந்த அறையில் கண்மூடிச் சும்மா இருந்தது அவள் மட்டும்.

மூடக் கூடாது. தொடையைக் கிள்ளினாள். மூடக் கூடாது. முப்பத்தொரு இரவுகள்.

மூடினாள்.

ஃபோன் அடித்தது. கை எடுத்தது. அவளுடைய கைதான். தொண்டையிலிருந்து கனத்த இருமல் வந்தது.

"வேல முடியல்ல, மகள்."

மறுமுனையில் அம்ராவின் குரல்.

"நீங்க ஆரு? உம்மாட்ட குடுங்க."

நான்தான் மகள், நான்தான். உதடு அசையவில்லை. கை ஃபோனைக் கவிழ்த்து வைத்தது. ஒற்றை விரல் எழுந்தது. டக். டக்.

கண்கள் இப்போது திறந்துதான் இருந்தன. சனூஸா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.