வீட்டுக்கொரு வெதுப்புப்பெட்டி

மாலை ஆறு மணிக்கு மூச்சுக்குறைப்பு தொடங்கும். மூன்றாம் வரிசை வீடுகளில் காற்று இயந்திரங்கள் பாதி வேகத்துக்கு இறங்க, எல்லோரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். படி ஏறக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. பாதியில் நின்ற சண்டையை எட்டு மணிக்கு மேல் தொடரலாம்.

செவ்வாயின் மணற்குன்றுக் குடியிருப்பு சூரியத் தகடுகளை நம்பி வாழ்ந்தது. தூசுப் பருவத்தில் வெயில் மங்கும்போது யாருக்கு மின்சாரத்தைக் குறைப்பது என்பதைப் பகிர்வன் என்ற கணினி பார்த்துக்கொண்டது. மருத்துவமனையும் உயிர்காக்கும் கருவிகள் உள்ள வீடுகளும் முதல் வரிசை. அவற்றுக்கு ஒருபோதும் குறையாது. சாதாரண வீடுகள் மூன்றாம் வரிசை. பெரும்புயல் வந்தால் இருக்கட்டும் என்று, பாசியிலிருந்து வடித்த எரிநெய்யை இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமான அளவு நிலத்தடியில் சேமித்திருந்தார்கள்.

செண்பகவல்லிக்கு மூச்சுக்குறைப்பு என்றாலே தலைவலி. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது முதல் வரிசை வீடு. அங்கே சரியாக அந்த நேரத்தில்தான் குதித்துக் குதித்து உடற்பயிற்சி செய்வார்கள்.

மின்பகிர்வு அதிகாரி தாயுமானவன் அவளுடைய அத்தை மகன். தன் வீட்டையும் முதல் வரிசையில் சேர்க்கச் சொல்லி அவனிடம் போனாள்.

"என்ன கருவின்னு எழுதுறது? உனக்குத்தான் கல்லு மாதிரி உடம்பாச்சே," என்றான் அவன்.

"குறைமாசக் குழந்தையைச் சூடா வைக்கிற வெதுப்புப்பெட்டின்னு எழுதுங்க அத்தான்."

"குழந்தை எங்கடி?"

"வரும். அதுவரைக்கும் பெட்டியில ஒரு பொம்மையைப் போர்த்தி வெச்சுடறேன். சோதனைக் கேமராவுக்கு அது போதும்."

"உன் புருஷன் மாசிலாமணி என்ன சொல்றான்?"

"அவருக்கென்ன, வீட்ல எந்திரிச்சு நடக்க முடிஞ்சா போதும்னு சொல்றாரு. ஒரு வீடுதானே அத்தான்? ஒண்ணே ஒண்ணு. ஊரா இருண்டுடும்?"

அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டான்.

பூமியில் அவர்களுடைய முன்னோர் ஆஸ்பத்திரி லைனில் கரண்ட் போகாது என்று கேள்விப்பட்டு அந்தத் தெருவாகப் பார்த்து வாடகைக்கு வீடு தேடியவர்கள். அந்த வழக்கம் கோள் தாண்டியும் கூடவே வந்திருந்தது. மணற்குன்றில் எல்லோருக்கும் ஓர் அத்தானோ மச்சானோ மாமாவோ அந்த அலுவலகத்தில் இருந்தார். பொம்மைக் கடையில் கைக்குழந்தைப் பொம்மைகள் தீர்ந்துபோயின. சில ஆண்டுகளில் மூச்சுக்குறைப்பு என்ற சொல்லே மறந்துபோனது. ஊர் முழுவதும் முதல் வரிசையில் இருந்தது.

பிறகு அந்தப் புயல் வந்தது. செவ்வாயின் நீல அந்தி பல நாட்கள் கண்ணில் படவே இல்லை. தூசு படிந்த தகடுகள் உறங்கின. மின்கலங்கள் வற்றத் தொடங்கின. எரிநெய்யில் ஓடும் மின்நிலையத்தை இயக்கினார்கள். அது வேகம் பிடிக்கும் வரை சற்று நேரம் சிக்கனம் தேவைப்பட்டது.

"விதிப்படி மூன்றாம் வரிசையைத்தான் அணைக்க வேண்டும்," என்றது பகிர்வன். "அதில் ஒரே இணைப்புதான் இருக்கிறது. அணைக்கட்டுமா?"

செண்பகவல்லி அப்போது உண்மையாகவே ஏழு மாதக் கர்ப்பிணி. அவளிடமிருந்து வந்த அழைப்பில் இருந்தான் தாயுமானவன். "பயப்படாதே, உனக்குப் போகாது," என்று அவளிடம் சொல்லிவிட்டு, பகிர்வன் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணே ஒண்ணுதானே? அணை."

அது யாருடைய இணைப்பு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பகிர்வன் சொல்லியிருக்கும். அது நிலத்தடியிலிருந்து எரிநெய்யை மேலே ஏற்றும் பம்பு. ஆண்டுக்கொரு முறை ஓட்டிப் பார்ப்பதற்கு மூன்றாம் வரிசை போதும் என்று குடியிருப்பு உருவான நாளில் எழுதியது அப்படியே கிடந்தது. வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்க அந்தப் பம்புக்கு அத்தை மகன் யாரும் இல்லை.

பம்பு நின்றது. குளிரில் குழாயிலிருந்த எரிநெய் கல்லாய் உறைந்தது. நிலையம் நின்றது. மீதமிருந்த மின்சாரத்தை முதல் வரிசை வீடுகள் குடித்து முடித்தன; அதில் பாதி, பொம்மைகளைக் கதகதப்பாக வைத்திருக்கச் செலவானது. இரண்டு ஆண்டுக்கான எரிபொருளின் மேல் நின்றுகொண்டு மணற்குன்று இருண்டது.

பக்கத்துக் குடியிருப்பின் ஊர்திகள் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டன. அந்தக் குலுங்கலில், வழியிலேயே, செண்பகவல்லிக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உள்ளங்கைகளில் அடங்கும் அளவுதான். ஊர்தியிலிருந்த வெதுப்புப்பெட்டியில் வைத்தார்கள். புதிய ஊரில் மருத்துவமனை நிரம்பியிருந்ததால், ஒதுக்கப்படும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வீடு ஒதுக்கும் முகப்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "எந்த வரிசை?"

"முதல் வரிசைங்க. குழந்தை வெதுப்புப்பெட்டியில இருக்கு."

"எல்லாரும் அதையேதாம்மா சொல்றாங்க. இங்க வீட்டுக்கு வீடு ஒரு வெதுப்புப்பெட்டி இருக்கு."

"ஐயோ, இது நிஜமாவே குழந்தைங்க. பாருங்க." மாசிலாமணி பெட்டியைத் தூக்கி முகப்பின் மேல் வைத்தான்.

அந்தப் பெண் கண்ணாடி வழியே ஒரு கணம் பார்த்தாள். முகத்தில் மெல்லிய பாராட்டு தெரிந்தது.

"நல்லா செஞ்சிருக்காங்க. ஆனா போன வாரம் ஒருத்தர் கொண்டுவந்தது அழக்கூடச் செஞ்சுது."

செண்பகவல்லி பெட்டியின் மீது குனிந்தாள். "அழுடி, என் கண்ணு. ஒரே ஒரு தரம் அழு," என்றாள். குழந்தையின் உதடு லேசாக அசைந்தது. அழும் அளவுக்கு அதனிடம் மூச்சு இல்லை.

சீட்டில் மூன்றாம் வரிசை என்று எழுதி நீட்டிவிட்டு, அடுத்தவரை அழைத்தாள் அந்தப் பெண்.

வெளியே மணி ஆறு. மூன்றாம் வரிசையினர் அனைவரும் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும் என்று ஓர் இனிய குரல் ஊரெங்கும் கேட்டது. செண்பகவல்லி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள்.