கரும்பாறை மேல் டிவிஷன் பதிவேடு

"கம்பியை விட்டுறாதீங்க! கீழ பாக்காதீங்க! என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாங்க!"

அக்கரையிலிருந்து கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் கத்தினாள். தொங்குபாலத்தில் பலகைகள் பாதிக்கு மேல் இல்லை. கீழே ஆறு செம்மண் நிறத்தில் பாறைகளை அறைந்துகொண்டு ஓடியது. கரைக்கு ஓரிரு பலகையே இருக்கும்போது மிரியம் நின்றுவிட்டாள்.

"பயமா இருக்கு அக்கா!"

"பயந்தா ஆறு வத்திருமா? எட்டி வைங்க!"

மிரியம் தாவினாள். கால் பட்ட பலகை முறிந்து ஆற்றில் விழுந்தது. பேச்சியம்மாள் அவள் மணிக்கட்டைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்துக் கரை சேர்த்தாள். பின்னால் எஸ்டேட் கிளார்க் தேவஇரக்கம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பலகையையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு நிதானமாக வந்துசேர்ந்தார்.

அன்று 1985 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. ஆனைமலையில் மழைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த மழையில் மூவரும் தேடிப் போனது ஒரே ஒரு தாளை.

மிரியத்தின் தகப்பனார் எலியாகு, பொள்ளாச்சியில் குடைக்கடை வைத்திருந்த கொச்சி யூதர். 1955இல் அவர்களுடைய சமூகத்தார் கூட்டம் கூட்டமாக இஸ்ரவேலுக்குப் புறப்பட்டார்கள். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடைசிச் சரக்கைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எலியாகு கரும்பாறை எஸ்டேட்டுக்கு ஏறினார். திரும்பவில்லை. மலையில் அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மனைவி ரூபி பயண நாள்வரை பார்த்துவிட்டு, பதினொரு வயது மிரியத்துடன் பம்பாய்க்கு ரயில் ஏறினாள்.

இஸ்ரவேல் போனபின் யெஹெஸ்கேல் என்ற நல்ல மனிதர் ரூபியைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். யூத சமய நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. முதல் கணவர் இறந்ததற்குச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் அவள் இன்னும் எலியாகுவின் மனைவிதான் என்றார்கள். யெஹெஸ்கேல் பக்கத்துப் பண்ணையில் கோழி வளர்த்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் காத்திருந்தார். போன குளிர்காலத்தில் இறந்தும் போனார். அதன்பிறகுதான் மிரியம் பெட்டியைக் கட்டினாள்.

எஸ்டேட்டின் பழைய ஆபீஸ் ஆற்றுக்கு அப்பால், கைவிடப்பட்ட மேல் டிவிஷனில் இருந்தது. பழைய பதிவேடுகள் அங்கேயே ஓர் இரும்புப் பெட்டியில் கிடந்தன. மழை முடிவதற்குள் கூரை விழுந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தேவஇரக்கம் கூடப் புறப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் நாளே மிரியம் சொல்லியிருந்தாள்: "அறுபதாம் வருஷம் எங்க அம்மா இந்த ஆபீசுக்கு லெட்டர் போட்டாங்க அண்ணா. பதில் வரலை." அந்த ஆண்டில் ஆபீஸில் பெரிய கிளார்க்காக இருந்தவர் தேவஇரக்கத்தின் அப்பா மாசிலாமணி. வந்த கடிதத்துக்கு மூன்றாம் நாள் பதில் எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் எப்படிச் சும்மா இருந்தார்? தேவஇரக்கத்துக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

ஏற்றம் இரண்டு மணி நேரம் பிடித்தது. தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் மரமாகி நின்றன. பேச்சியம்மாள் அரிவாளால் வழி வெட்டிக்கொண்டே போனாள்.

"ஐயோ, அட்டை! அக்கா, அட்டை என்னைக் கடிக்கிறது!" என்று மிரியம் குதித்தாள்.

பேச்சியம்மாள் மூக்குப்பொடியை அப்பி அட்டையை உதிர்த்தாள். "என்னம்மோ, பாடப்புஸ்தகம் மாதிரி கத்துறீங்க?"

"நான் அஞ்சாங் கிளாஸ் வரைதான் தமிழ் படிச்சேன் அக்கா. அதுக்கு மேல என் தமிழ் வளரலை."

"எங்க கிளார்க்கையா பி.ஏ. படிச்சவரு. கடிச்சா அவரும் அம்மாடின்னுதான் கத்துவாரு!"

ஆபீஸின் ஒரு பக்கச் சுவர் சரிந்து கிடந்தது. உள்ளே முழங்கால் அளவு சகதி. மூலையில், இரண்டு கருங்கற்களின் மேல், துருப்பிடித்த பெட்டி! பேச்சியம்மாள் கடப்பாரையை நெம்பினாள். மூன்றாம் நெம்பில் பூட்டு தெறித்தது. வேப்பிலைச் சருகுகளுக்கு நடுவில் பதிவேடுகள் உலர்ந்து, உறுதியாக இருந்தன.

"அப்பா வச்ச வேப்பிலை" என்றார் தேவஇரக்கம்.

அவர் விரல் இறப்புப் பதிவேட்டின் பக்கங்களில் ஓடி, 1955இல் நின்றது. "வரிசை எண் பதினாலு. எலியாகு, வயது முப்பத்தெட்டு, குடை வியாபாரி, பொள்ளாச்சி. ஜூன் இருபத்தொண்ணு. மண்சரிவில் மூணாம் நம்பர் தொழிலாளர் லயம் விழுந்தது, உள்ளே இருந்தார். மதம்னு போட்ட இடத்துல அச்சடிச்சதை அடிச்சுட்டு, யூதர்னு அப்பா கைப்பட எழுதியிருக்கார்."

பக்கத்தோடு இரண்டு உறைகள் குத்தப்பட்டிருந்தன. ரூபிக்கு, பொள்ளாச்சிக் கடை முகவரிக்கு, ஆபீஸ் எழுதிய கடிதங்கள். பாதை சீராகிக் கடிதம் இறங்குவதற்குப் பதினேழு நாள் ஆகியிருந்தது. இரண்டிலும் தபால்காரர் எழுதியிருந்தார்: ஆள் ஊரில் இல்லை.

மிரியம் அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இங்கதான் இருந்தீங்களா அப்பா" என்றாள்.

அப்போது வெளியே மரக்கிளை முறிந்தது. பேச்சியம்மாள் சட்டென்று வாயில் விரல் வைத்தாள். "ஒத்தைக் கொம்பன்! சத்தங் காட்டாதீங்க!"

உடைந்த சுவருக்கு அப்பால், பதினைந்து அடியில், ஒற்றை யானை நின்றது. மூவரும் பெட்டிக்குப் பின்னால் பதுங்கினார்கள். யானை போகும் வழியாகத் தெரியவில்லை. சுவர்ச் சாந்தைப் பெயர்த்துப் பெயர்த்துத் தின்றது.

சும்மா இருக்க முடியாத தேவஇரக்கம் 1960ஆம் ஆண்டின் வரவுக் கடிதப் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார். ஒவ்வொரு கடிதத்துக்கும் எண், தேதி, அனுப்பியவர். உர வியாபாரி, கோயில் அழைப்பு, பல்வலி மருந்து விளம்பரம்கூடப் பதிவாகியிருந்தது. ஓர் எண்ணும் விடுபடவில்லை. 61, 62 வரை பார்த்தார். இஸ்ரவேலிலிருந்து ஒன்றுமில்லை.

"வரவே இல்லையேம்மா!" என்று கிசுகிசுத்தார். "ஒரு தபால்கூட இங்க தப்பலை. உங்கம்மா போட்டது மட்டும் எங்க போச்சு?"

அவர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் போடலை அண்ணா."

"என்ன?"

"அம்மாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன். பதினாறு வயசு எனக்கு. தபாலாபீஸ் வாசல்ல யெஹெஸ்கேல் நின்னார். புதுச் சட்டை போட்டிருந்தார். 'நல்லா ஒட்டினாயா?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். எங்க அப்பா இடத்துல அவர் வரக்கூடாதுன்னு நினைச்சேன். பின்பக்கம் போய்க் கிழிச்சேன். போட்டாச்சுன்னு அம்மாகிட்டச் சொன்னேன். ரெண்டு வருஷம் தபால் வண்டி வரும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு வருவாங்க."

தேவஇரக்கத்தின் முகம் சிவந்தது. "எங்கப்பா பேர்ல பழி போட்டீங்களே! அந்த மனுஷர்…"

"ஐயா! கோவப்படுறதுன்னா மெதுவாக் கோவப்படுங்க!" என்று பேச்சியம்மாள் அவர் வாயைப் பொத்தினாள்.

யானை காதை விரித்தது. மூவரும் மூச்சை அடக்கினார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு அது திரும்பி, தேயிலைக் காட்டை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போயிற்று.

திரும்பும்போது பேச்சியம்மாள் பதிவேடுகளைப் மழை புகாத படங்குத் துணியில் சுற்றி, கொழுந்துக் கூடை போலத் தலையில் மாட்டி முதுகில் சுமந்தாள். பாலத்தில் தேவஇரக்கம் மிரியத்திடம், "இந்தப் பலகையில கால வைக்காதீங்க" என்றார்.

கீழ் ஆபீஸில் கூட்டம் கூடிவிட்டது. கொண்டுவந்துவிட்டார்கள் என்று கைதட்டினார்கள். யாரோ டீ வாங்கி வந்தார்கள். தேவஇரக்கம் டைப்ரைட்டரின் முன் உட்கார்ந்து இறப்புப் பதிவின் உண்மை நகலை எழுத்துப் பிசகாமல் அடித்தார். மேனேஜர் கையெழுத்துக்கு எடுத்துப்போக எழுந்தவரை மிரியம் நிறுத்தினாள்.

"இன்னொரு வரி சேருங்க அண்ணா. இந்த ஆபீசுக்கு ரூபிங்கிற பேர்ல எந்தக் கடிதமும் வரலைன்னு."

தேவஇரக்கம் அவளைப் பார்த்தார். "சான்றுக்கு அது தேவையில்லம்மா. இது போதும். உங்கம்மாவுக்குத் தெரியவே வேண்டாம்."

"சேருங்க."

அவர் தாளை மறுபடி மாட்டி, அந்த வரியை அடித்தார்.

அக்டோபரில் கடிதம் வந்தது. உருண்டை உருண்டையான எழுத்து. தேவஇரக்கம் அதைப் பதிவேட்டில் எண் போட்டுப் பதிந்துவிட்டு, பேச்சியம்மாளை வரச்சொல்லி வாசித்தார்.

"அன்புள்ள அண்ணா, அக்கா, தாள் முழுவதையும் அம்மாவுக்குச் சொன்னேன். கடைசி வரியையும் சொன்னேன். ஒருவர் இறந்த செய்தி மிகவும் தாமதமாக வந்தால், எங்கள் வழக்கப்படி ஏழு நாள் துக்கம் இல்லை. ஒரு மணி நேரம்தான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்து, கல்லறைத் தோட்டத்துக்குப் போய் யெஹெஸ்கேல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை வரவில்லை. மறுநாளும் போனாள். அவருக்கு இவள் எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று எங்கள் சட்டத்தில் இல்லை. நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்."

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு தபாலு" என்றாள்.

தேவஇரக்கம் பேனாவைத் திறந்தார். மூன்றாம் நாள்வரை காத்திருக்கவில்லை; அன்றைக்கே பதில் எழுதினார்.