மூடியைத் தட்டிய பிறகு

பள்ளி வண்டி வருவதற்குச் சற்று முன்னால் தெரு முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். டக், டக். டிபன் பாக்ஸ் மூடியை விரல் கணுவால் இரண்டு தட்டு. மாடி வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று எல்லா அடுப்படிகளிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் மதியச் சோற்றைத் தாங்களே கட்டி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கப்புறம் தெரு அடங்கிப் போகும். பிள்ளைகள் டப்பாவைக் கையில் பிடித்தபடி தலையை இடப்பக்கம் திருப்பி, அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு டப்பாவைப் பைக்குள் வைப்பார்கள்.

ஜெர்லின் தன் மகள் ஜோவிட்டா அப்படி நிற்பதைக் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதத்தில் முதல் தடவை பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோற்றின் சூடு ஆற ஒரு ஊது, மூடி, இரண்டு தட்டு, இடப்பக்கம் ஒரு பார்வை. அது அவளுடைய கை. ஊரிலுள்ள அத்தனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் இப்போது அவளுடைய கைதான் இருந்தது.

கைவரவு என்பது பெரிய மந்திரமில்லை. நீச்சல் தெரிந்தவன் தண்ணீரில் விழுந்தால் யோசிக்காமலே கை அடிக்கிறதல்லவா, அந்த யோசிக்காத பழக்கத்தை மட்டும் ஒருவர் உடம்பிலிருந்து பதிவெடுத்து இன்னொருவர் உடம்பில் ஏற்றுகிற வித்தை. மணிக்கட்டில் ஒரு பட்டை, பிடரியில் ஒரு பட்டை. ஒரு பாடவேளை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் போதும். ஷூ லேஸ் கட்ட, பொத்தான் தைக்க, வெங்காயம் நறுக்க, காயத்துக்குக் கட்டுப் போட, சாலையைக் கடக்க எல்லாம் வந்துவிடும். யாருடைய பழக்கம் பதிவாகிறதோ அவருக்கு மூலக்கை என்று பெயர். மூலக்கை யாரென்று வெளியே சொல்லக்கூடாது என்பது கைவரவு இயக்ககத்தின் விதி. சொன்னால் வீட்டு வாசலில் மாலையும் விழும், கல்லும் விழும்.

பள்ளி திறக்கும்போதெல்லாம் பெற்றோருக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். தயவுசெய்து வீட்டில் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒரே கையில் இரண்டு பழக்கங்கள் இருந்தால் அவை மோதிக்கொண்டு பிள்ளையின் விரல் நடுங்கும், அதற்குக் கைமோதல் என்று பெயர், சரிசெய்வது கடினம். கரும்பு தின்னக் கூலி வேண்டுமா? பெற்றோர் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. ஜெர்லினும் சொல்லவில்லை. ஜோவிட்டாவுக்கு அவள் ஒரு பொத்தான் போடக்கூடக் கற்றுக்கொடுத்ததில்லை. பிள்ளையிடம் அம்மாவின் சாயலாக இருந்ததெல்லாம் அரசாங்கம் வழியாக, ஊருக்கெல்லாம் கொடுத்தது போக அவளுக்கும் கிடைத்த பங்கு.

அன்று ஜெர்லின் வேலைக்குக் கிளம்பும்போது எதிர் வீட்டு பவதாரணி படியில் பிடித்துக்கொண்டாள். அவள் மகனும் மூன்றாம் வகுப்புதான்.

"ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவால்லக்கா. தெனமும் வேன்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே கெடக்கான். இவன் வாசலப் பாத்துக்கிட்டு செல மாதிரி நிக்கான். என்னல பாக்கன்னு கேட்டா, தெரியலம்மா, வரணும்ங்கான். யாருல வரணும்னா அதுவும் தெரியாதாம்."

"ம்."

"எவளோ ஒருத்தி பதிவு குடுக்கப் போன எடத்துல பராக்குப் பாத்துட்டு நின்னுருக்கா. அத அப்படியே அள்ளிப் பிள்ளைகளுக்கு ஏத்திட்டானுவ. அவ யாருன்னு மட்டும் தெரியட்டும், நறுக்குன்னு நாலு வார்த்த கேப்பேன்."

"கேக்க வேண்டியதுதான்," என்றாள் ஜெர்லின். கோபமோ வெட்கமோ வரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. துறைமுகத்துக்கு பஸ் ஏறினாள்.

அவளுக்கு எதுவும் வராமல் போய்ப் பல வருஷமாகிறது. மூத்தவன் எபின் மூளைக்காய்ச்சலில் போனபோது ஜோவிட்டா கைக்குழந்தை. கணவன் ரெக்ஸ் கப்பலில் இருந்தான். வந்து அழுதுவிட்டு மறுபடியும் கப்பலுக்குப் போனான். ஜெர்லின் அழவில்லை. நாளைக்கு அழுவோம் என்பது போல ஒத்திப்போட்டாள், அது அப்படியே நின்றுவிட்டது. மூலக்கைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், எபின் இருக்கும்போதே. பதிவுக்கு அழைத்த தேதி அவன் போன மறுமாதம் வந்தது. வேண்டாமென்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. கையை மட்டும்தானே கேட்கிறார்கள் என்று போனாள்.

அங்கே ஒரே ஒரு விதி. நடிக்கக்கூடாது. நடித்தால் பட்டை பிடிக்காது. வீட்டில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள் என்றார்கள். அவளும் வீட்டில் செய்வது போலவே செய்தாள். சோறு வைத்து, ஊதி, மூடி, தட்டி, வாசலைப் பார்த்தாள். ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு நொண்டியடித்து வருகிறவன் அந்தச் சத்தத்துக்குத்தான் வருவான். எப்போதும் தாமதமாகத்தான் வருவான். அதனால் அவள் நின்றாள். கண்காணித்த அதிகாரி, அடுத்து என்ன செய்யவேண்டுமென்று கேட்க நிற்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டு சரி போட்டார். பிறகு தணிக்கை, டெண்டர், ஒரு வழக்கு எல்லாம் முடிந்து அந்தப் பதிவு பள்ளிக்கு வந்து சேர்ந்தது இந்த ஜூனில்தான். அரசாங்கத்தின் ஆமை ஊர்ந்து வந்தாலும் வந்துசேராமல் இருப்பதில்லை.

இயக்ககத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். இணை இயக்குநர் தர்ஷன் இளவயதுக்காரன், மரியாதையானவன். புகார்கள் குவிந்துவிட்டன என்றான். பிள்ளைகள் அப்படி நிற்பதற்கு அவர்கள் வாசல் பிசிறு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அன்னைக்கு யாரையாவது எதிர்பார்த்துட்டு இருந்தீங்களா மேடம்?"

"என் பையன."

"வர லேட்டாயிடுச்சா?"

"ஆமா."

"இப்ப என்ன படிக்கிறாரு?"

"அவன் அதுக்கு முன்னாலயே செத்துட்டான்," என்றாள் ஜெர்லின், பஸ் நம்பர் சொல்வது போல.

தர்ஷன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான். அவளுக்குத் தாகமில்லை. அவன் குனிந்துகொண்டே விளக்கினான். பிசிறைப் பதிவிலிருந்து வெட்டி எடுக்கப் பார்த்தார்களாம். பழக்கம் என்பது பின்னல் மாதிரி, ஒரு புரியை உருவினால் எல்லாம் அவிழ்கிறது. சோதனைப் பள்ளியில் பிள்ளைகள் குழம்பைக் கையில் ஊற்றிக்கொண்டார்கள். ஒரே வழி, மூலக்கையிலேயே அந்தப் பழக்கத்தைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பதிவெடுப்பது.

"கழுவுனா திரும்ப வராது மேடம். உங்களுக்கும் வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். மரத்துப்போன உடம்பில் கை மட்டும் தினமும் காலையில் தன் டப்பாவை மூடியதும் எபினுக்காக நின்றுகொண்டிருந்தது. வேறு எதுவும் அவனுக்காக நிற்கவில்லை. அதையும் கொடுத்துவிட்டால் அவன் முழுக்கப் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஜோவிட்டா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டாள். "அம்மா, டப்பாவ மூடுனதும் எனக்கு இங்க ஒரு மாதிரி வருது." நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். "யாரோ வரணும்னு இருக்கு. ஆனா வரமாட்டாங்கன்னும் தெரியுது. அழுகையா வருது. உனக்கு இப்படி வருமாம்மா?"

"வராது."

"எனக்கு மட்டும் ஏன் வருது?"

ஜெர்லினுக்குப் பொறாமையாக இருந்தது. அதுதான் உண்மை. தான் அழவேண்டியதைப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது, பார்த்தே அறியாத அண்ணனுக்காக. பொறாமை போனபின் வந்தது பயம். எட்டு வயதில் இதைச் சுமந்தால் முப்பது வயதில் இவள் என்னைப் போல ஆகிவிடுவாள். அவள் தர்ஷனுக்கு போன் செய்தாள். "கழுவிருங்க," என்றாள்.

கழுவுவது வலிக்கவில்லை. பட்டை கட்டிக்கொண்டு டப்பா கட்டவேண்டும். மூடியைத் தட்டியதும் பட்டை மெல்லத் தள்ளி, கையை அடுத்த வேலைக்கு, மேடையைத் துடைக்கிற துணிக்குக் கொண்டுபோகும். மறுபடியும் டப்பா. மறுபடியும் தள்ளு. முதலில் தலை இடப்பக்கம் திரும்பப் பார்த்தது. பிறகு பாதி திரும்பியது. பொழுது சாய்வதற்குள் மூடியைத் தட்டியதுமே கை துணியை எடுத்துத் துடைத்தது. அதைப் பதிவெடுத்தார்கள். தர்ஷன் நன்றி சொன்னான். வீட்டுக்கு வரும் வழியில் அவள் பேருந்து ஜன்னலில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள்.

திருத்தப்பட்ட பட்டை பள்ளிகளுக்குப் போனது. தெருவில் டக், டக் கேட்டவுடன் துணி தேய்க்கும் சத்தம் கேட்டது. வேன்காரன் ஆரன் அடிக்கத் தேவையில்லாமல் போனது. ஜோவிட்டா நெஞ்சில் கை வைக்கவில்லை. "இப்ப ஒண்ணும் வரலம்மா," என்றாள். பவதாரணி எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தாள்.

அதே பவதாரணிதான் சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் தன் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். ஜெர்லின் படியேறும்போது பார்த்தாள்.

"என்ன பவதாரணி, சாவி இல்லியா?"

"கதவு தெறந்துதான் கெடக்கு. உள்ளதான் இருக்கான்." அவள் குரல் தணிந்திருந்தது. "நான் வந்து நிக்கேன்க்கா. நிமிந்து பாக்கவே மாட்டேங்கான். முன்னயெல்லாம் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடியாருவான். இப்ப கூப்பிட்டா பதில் சொல்லுதான், கேட்டா தாரான், எல்லாம் செய்யுதான். ஆனா வாசலப் பாக்க மாட்டேங்கான். எம்புட்டு நேரம் பாக்காம இருப்பானோன்னு நானும் நின்னு பாக்கேன்."

ஜெர்லின் தன் வீட்டு வாசலுக்குப் போனாள். ஜோவிட்டா மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஜெர்லின் செருப்பைச் சத்தமாகக் கழற்றிப் போட்டாள். பிள்ளை நிமிரவில்லை. பையைத் தொப்பென்று வைத்தாள். பிள்ளை ரப்பரை எடுத்து அழித்தாள், மறுபடி எழுதினாள்.

மறுநாள் தர்ஷன் போன் செய்தான். அலுவலகக் குரலில்தான் தொடங்கினான். முதல் பட்டை ஏறியபோது அந்தப் பிசிறு தனியாக நிற்காமல், வாசலில் ஆள் அரவம் கேட்டால் நிமிர்கிற பிள்ளைகளின் சொந்தப் பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டதாம். திருத்திய பட்டைக்கு எது ஒட்டியது எது சொந்தம் என்று பிரிக்கத் தெரியவில்லை. வாசல் பார்ப்பதையே வழித்து எடுத்துவிட்டது. பேசிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தினான்.

"என் பையனும் மூணாவதுதான் மேடம். நேத்து ரெண்டு நாள் டூர் முடிச்சு வீட்டுக்குப் போனேன்." சொல்ல வந்ததை முடிக்காமல் வேறொன்றைக் கேட்டான். "உங்க பழைய பதிவ, புதுசு பள்ளிக்குப் போனதும் விதிப்படி அழிச்சுட்டோம். இன்னொரு தடவ... நின்னு காட்ட முடியுமா? எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல."

"பாக்கேன்," என்றாள்.

மறுநாள் காலையில் அடுப்படியில் தனியாக நின்று முயன்றாள். சோறு வைத்தாள். ஊதினாள். மூடினாள். டக், டக். கை துணியை எடுத்து மேடையைத் துடைத்தது. மறுபடியும் செய்தாள். எபினின் முகத்தை நினைத்துக்கொண்டு செய்தாள். ஒற்றை ஷூவை நினைத்துக்கொண்டு செய்தாள். மேடை பளபளவென்று ஆனது. வேண்டுமென்றே தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். ஒரு நிலைப்படி, ஒரு காலண்டர், ஒரு சுவிட்ச் போர்டு. அது நடிப்பு. நடித்தால் பட்டை பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். அழவேண்டும் என்று அவள் முதல் தடவையாக, மனதார ஆசைப்பட்டாள். அதுவும் வரவில்லை.

முடியவில்லை என்று இயக்ககத்துக்குச் செய்தி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றாள். ஜோவிட்டா துணி மடித்துக்கொண்டிருந்தாள், யாருடைய கையோ பழக்கிய நேர்த்தியோடு. வீட்டில் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்ற குறுஞ்செய்தி ஜெர்லினுக்கு நினைவு வந்தது. விரல் நடுங்கினால் நடுங்கட்டும் என்று முடிவு செய்தாள்.

"ஏட்டி, இங்க பாரு."

கூப்பிட்டதால் ஜோவிட்டா பார்த்தாள்.

"நான் கூப்பிட்டதுக்கு அப்புறம் இல்ல. கூப்பிடாமலே பாக்கணும். வாசல்ல யாராவது வந்தா நிமிந்து பாக்கணும். வரலைன்னாலும் வருவாங்களான்னு பாக்கணும். சரியா? நான் வெளிய போயிட்டு வாரேன்."

வெளியே போய் நின்றுவிட்டு மறுபடி வந்தாள். ஜோவிட்டா சொன்னபடியே தலையைத் தூக்கி, வாசலை நேராகப் பார்த்தாள். கண்ணில் கவனம் இருந்தது. பரீட்சை எழுதுகிற பிள்ளையின் கவனம். தப்பாகச் செய்துவிடக்கூடாதே என்று மடித்த துணியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியாம்மா?"

"ஆமா. அப்படித்தான்."

"சரி," என்றாள் ஜோவிட்டா. பார்வையை எடுக்காமலே பொறுமையாகக் கேட்டாள். "எவ்வளவு நேரம்மா பாக்கணும்?"

ஒரு காலத்தில் ஜெர்லினின் கைக்கு அது தெரிந்திருந்தது. அவள் நிலைப்படியில் நின்று யோசித்துப் பார்த்தாள்.