பதினாலு வோல்ட்

சாவி மதுமதியின் கையில் இருந்தது. ஆனாலும் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது.

கருமம் பிடித்த கார். செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்ததென்று தம்பி அவள் தலையில் கட்டிவிட்டான். இரண்டு மாதத்தில் மூன்று பேட்டரி. இன்று அப்பாவுக்கு டயாலிசிஸ் முடித்து அழைத்து வரும் வழியில், கோபாலபுரத்து ஆளில்லாத தெருவில், மழைக்கு இருட்டிக்கிடந்த நாலு மணிக்கு நின்று தொலைத்தது. பின்சீட்டில் அப்பா வெள்ளைத்துரை தூங்கிவிட்டார். டயாலிசிஸ் அன்றைக்கு அடித்துப்போட்ட மாதிரிதான் தூங்குவார். மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு மெல்லிய விசில். அந்தக் குறட்டை கேட்கும்வரை அவளுக்குப் பயமில்லை.

அவள் போன் போட்டதும் கார் எலக்ட்ரீஷியன் இனாயத் ஸ்கூட்டரில் வந்து பானெட்டைத் திறந்தார். கருகிய ரப்பர் நாற்றம் குப்பென்று வந்தது. கையை விட்டு அறுந்த பெல்ட்டை உருவினார்.

"இதாம்மா ஆல்டர்நேட்டரைச் சுத்துறது. இது அறுந்துச்சுன்னா பேட்டரிக்கு சார்ஜே ஏறாது." பேட்டரியில் மீட்டரின் கிளிப்புகளை மாட்டினார். "பதினோரு வோல்ட்தான் கீது. வண்டி ஓடுறப்பதான் பதினாலு காட்டும். காலி."

"அப்பாவை ஆட்டோல ஏத்திரட்டுமா பாய்?"

"தூங்கட்டும்மா, பாவம். வேற பேட்டரி கொண்டாரச் சொல்றேன். பத்தே நிமிஷம்."

சரியென்று நின்றாள். மீட்டர் பதினொன்றரை காட்டியது.

"சும்மா வுட்டா கொஞ்சம் ஏறும்," என்றார் இனாயத்.

பன்னிரண்டு. கிளிப்புகளைத் துடைத்து மறுபடி மாட்டினார். பன்னிரண்டரை.

"இஞ்சின் ஆஃப்ல கீது. பெல்ட் என் கைல கீது. எங்கேர்ந்தும்மா ஏறுது?"

மதுமதிக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. வண்டி கிளம்பிவிடும், அப்பா வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். அப்புறம்தான் காதில் உறைத்தது. குறட்டையில் விசில் இல்லை.

பதின்மூன்று. மூன்று இழுப்பு இரண்டாகியிருந்தது.

"அப்பா!" பின்கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது. அவள் பூட்டவே இல்லை. முன்கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினாள். அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் உதடு வெளிறிக்கொண்டே போனது. உள்ளே கூரை விளக்கு எரிந்தது. பிரகாசமாக. இன்னும் பிரகாசமாக.

"பேட்டரியைக் கழட்டுங்க பாய்!"

இனாயத் டெர்மினலைப் பிடுங்கினார். ஒயர் கையோடு வந்துவிட்டது. விளக்கு அணையவில்லை. மீட்டரில் பதினாலு.

"யா அல்லா..."

ஒற்றை இழுப்பு.

அதுவும் நின்றது.

மதுமதி இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தாள். இனாயத் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

இஞ்சின் தானாகக் கிளம்பியது.

மூன்று இழுப்பு. ஒரு நிறுத்தம். பிறகு, பானெட்டுக்கு அடியிலிருந்து, மெல்லிய விசில்.