சிவக்காத காயம்

தூத்துக்குடியின் பாசித் தொட்டிகளில் வேலை செய்கிறவர்கள் காலையில் ஆளுக்கொரு மிடறு தணிநெய் குடித்த பிறகுதான் வாசற்கதவு திறக்கும். செலஸ்டினாவும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைக் குடித்துவந்தாள். பாசியிலிருந்து அதை வடித்தெடுப்பதே அவள் வேலை.

பெருங்காய்ச்சல் காலத்தில் கிருமியைவிடச் சொந்த வெள்ளணுக்களே அதிகம் பேரைக் கொன்றன. மாட்டு நெய்யிலும் பொரித்ததிலும் ஊறிய அணுக்கள் சின்னத் தூண்டலுக்கே தீயாய் மூண்டன. பாசிக் கொழுப்பான தணிநெய் அவற்றின் சவ்வில் புகுந்து ஆத்திரத்தைத் தணித்தது. அதன்பின் மாட்டு நெய்க்குத் தடை; எல்லாருக்கும் தணிநெய் கட்டாயம். எல்லார் மணிக்கட்டிலும் அழற்சிமானி என்னும் சென்சார். உடம்பு கொதித்தால் அது அலறும். மாரடைப்பும் மூட்டுவலியும் குறைந்தது உண்மைதான். ஆனால் அரசு தணிநெய்யின் வீரியத்தை வருடந்தோறும் கூட்டிக்கொண்டே போனது.

செலஸ்டினாவின் மகள் மெரினின் காலில் கிளிஞ்சல் கிழித்த காயம் ஆறவே இல்லை. சிவக்கவில்லை, வீங்கவில்லை, வலிக்கவுமில்லை. சாம்பல் நிறம் மட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அழற்சி துளிகூட இல்ல. அருமையான ரத்தம்," என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடி.

"திரைய விடுங்க டாக்டர். கால பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. அன்றே மகளுக்குத் தணிநெய்யை நிறுத்தினாள் செலஸ்டினா. உப்பளத்துக்கு அப்பால் ஒளித்து மாடு வளர்ப்பவர்களிடம் நெய் வாங்கிச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள்.

சில நாளில் காயம் சிவந்தது. மெரின் வலியில் அழுதாள்; நெற்றி கொதித்தது. மானி அலறியது. மூண்ட தீ அடங்காமல் போனால்? செலஸ்டினா மகள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள்.

அலறல் கேட்டு நலக்காவலர் இசக்கிமுத்து, அழற்சியை அடக்கும் தணிப்பூசியோடு வந்துவிட்டார். "வழிய விடுங்கக்கா. ஊசியப் போட்டுட்டுப் போயிருதேன்."

"போட்டா காச்சல் போயிரும் தம்பி. கூடவே காலும் போயிரும்."

"உங்க வேல போயிரும்க்கா!"

"போனாப் போட்டும். எம் பிள்ள ஒடம்பு இப்பதான் சண்டைக்கு எந்திரிச்சிருக்கு. அத மறுபடி படுக்கவைக்க விடமாட்டேன்."

நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். அவர் ஆள் கூட்டிவரப் போனார். திரும்புவதற்குள் மெரினுக்கு வியர்த்துக் கொட்டியது. மானி தானாகவே ஓய்ந்தது. ஊசிக்குக் காரணமில்லாமல் போயிற்று.

மறுநாள் அவள் வேலை போனது. மெரினின் கால் பிழைத்தது.

அந்த வாரமே எதிர்வீட்டு ஸ்டெபானி, கையில் சாம்பல் புண்ணோடு இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா... கொஞ்சம் நெய் கெடைக்குமா?"

"கெடைக்கும். காச்சல் வரும், பயமா இருக்கும்," என்றாள் செலஸ்டினா. "நான் வந்து ஒன் வாசல்ல ஒக்காந்துக்கிடுதேன்."